சேதுவழியும் கண்டிவழியும்: இராமநாதபுரக் கடற்கரையில் ஒரு பாதையின் இருவேறு நினைவுகள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் உள்மாவட்டங்களிலிருந்து இராமநாதபுரக் கடற்கரை வழியாக மன்னாரை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியே இலங்கையின் மத்திய மலைநாட்டிற்குச் சென்ற பாதை 19ஆம் நூற்றாண்டில் தோட்டத் தொழிலாளர்களின் பெருவழியாக இருந்தது. இப்பாதையின் இலங்கைப் பகுதி 2023ஆம் ஆண்டில் ஒரு நடைபயணத்தால் மீண்டும் நடக்கப்பெற்றது. தமிழகப் பகுதி யாத்திரை வழியாக மட்டுமே நினைக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சேதுவழி, வடபாதை, கங்காணி, மண்டபம் முகாம், மலையகத் தமிழர், மீள்நடை

முன்னுரை

2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டி, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் பெயரில் நடந்த அப்பயணம் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவு; பதினாறு நாள்கள். முன்னோர் நடந்த பாதையில் பேரர்கள் நடந்தனர்.

பழம்பயணியர் சென்ற வழியில் மீண்டும் நடப்பது உலகெங்கும் இன்று வழக்கமாகிவிட்டது. நாடுகாண் பயணியர், படைத்தலைவர், துறவியர் ஆகியோரின் தடங்களில் வழிகாட்டியருடன் குழுக்கள் செல்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பெயர் தெரிந்த ஒருவரின் தடம் பற்றியவை. தலைமன்னார் நடைபயணமோ பெயர் பதியப்படாத பல இலட்சம் பேரின் தடத்தைப் பின்பற்றியது. வரலாற்றாய்வாளர்க்கு இது ஒரு தனித்த சிக்கலை முன்வைக்கிறது. நாட்குறிப்பு எழுதாத, நினைவுத்தூண் எழுப்பப்படாத நடையரின் பாதையை எங்கிருந்து தொடங்குவது?

இப்பாதை தலைமன்னாரில் தொடங்கவில்லை. தலைமன்னார் அதன் நடுப்பகுதி. அதற்கு முன்னதான பகுதி திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளின் ஊர்களில் தொடங்கித் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளில் முடிந்தது. அப்பகுதியை இன்று எவரும் அந்நோக்கில் நடப்பதில்லை. அதே நிலத்தின்மீது வேறொரு பாதையின் நினைவு வலுவாகப் படிந்திருப்பதே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

மடங்களால் ஆன வழி

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்பவர் கடக்கும் ஊர்ப்பெயர்களே ஒரு வரலாற்றுச் சான்று எனலாம். மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம், தீவின் தென்கிழக்கே முகுந்தராயர் சத்திரம். மண்டபமும் மடமும் சத்திரமும் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்ட இத்தகைய நெடுவழி தமிழகத்தில் அரிது. சேது யாத்திரையின் காவலர் என்பது சேதுபதி மன்னர்களின் பட்டப்பெயரிலேயே அடங்கியுள்ளது. யாத்திரிகர் தங்கவும் உண்ணவும் அவர்கள் சத்திரங்களை அமைத்து, அவற்றின் செலவுக்கு ஊர்களைக் கொடையாக விட்டனர். எஸ். எம். கமால் தொகுத்த சேதுபதி மன்னர் செப்பேடுகள் இக்கொடைகளின் விரிவை நன்கு காட்டுகின்றன. 1803இல் இராமநாதபுரம் நிலையான வரித்திட்டத்தின்கீழ் ஜமீனாக மாறிய பின்னரும் இவ்வறங்கள் அறவே நின்றுவிடவில்லை.

சத்திரக் கொடைகளுக்கு வரையறை உண்டு. யாருக்கு அன்னமிடுவது என்பது கொடை ஆவணத்தின் மையமான கூறு. பிராமணர், தேசாந்திரிகள், பரதேசிகள் என்று வரும் சொற்கள் யாத்திரையை நோக்கமாகக் கொண்ட பயணியரைச் சுட்டுவன. பிழைப்புக்காகக் கடல் கடப்பவர் அவ்வரையறைக்குள் அடங்குபவரல்லர். தோட்டங்களுக்குச் சென்றோருள் பெரும்பங்கினர் பள்ளர், பறையர், சக்கிலியர் ஆகிய ஒடுக்கப்பட்ட சாதியினர். இராமேசுவரம் கோயிலுக்குள் அவர்கள் நுழைய இயலாத காலம் அது. ஆகவே, ஒரே மணல்வழியில் இரு கூட்டங்கள் நடந்தன என்றாலும், வழியின் அமைப்பு ஒரு கூட்டத்தை மனத்திற்கொண்டே உருவாக்கப்பட்டிருந்தது. மற்றக் கூட்டத்திற்கு வழியில் சோறளித்தவர் கங்காணி. அச்சோறு அவரவர் கடன்கணக்கில் ஏறியது.

காப்பிக்காட்டுக்கு நடந்தவர்கள்

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமானது. 1820களில் மலைநாட்டில் காப்பிப் பயிர் தொடங்கியது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமே கன்னொருவையில் தோட்டம் அமைத்தார். கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் தோட்டம் கண்டார். 1830களின் பிற்பகுதியிலிருந்து காடுகள் விரைந்து அழிக்கப்பட்டன. உள்ளூர்ச் சிங்கள உழவர்கள் தம் நிலத்தை விட்டு நிலையான கூலிவேலைக்கு வர விரும்பவில்லை. எனவே தோட்ட உரிமையாளரின் பார்வை பாக்கு நீரிணைக்கு அப்பால் திரும்பியது.

காப்பி ஒரு பருவப் பயிர் என்பது இப்பாதையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. தேயிலையைப் போல ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கும் வேலை அதில் இல்லை. ஆண்டின் பிற்பகுதியில் பழம் பறிக்கும் மாதங்களிலேயே ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். ஆகவே தொழிலாளர் சென்று, சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ உழைத்து, மிஞ்சிய பணத்துடன் ஊர் திரும்பினர், மீண்டும் சென்றனர். இது ஒருமுறை நடந்த குடிப்பெயர்வு அன்று. ஆண்டுதோறும் இருதிசையிலும் நிகழ்ந்த நடை. சென்றோருள் அக்காலத்தில் ஆடவரே மிகுதி. பெண்களும் குழந்தைகளும் பெருமளவில் சென்றது தேயிலைக் காலத்தில்தான்.

வழியமைப்பை ஓரளவு உறுதியாகவே வரையலாம். துறையிலிருந்து தோணியில் நீரிணையைக் கடந்தவர்கள் தலைமன்னார், மன்னார், அரிப்பு முதலிய இடங்களில் இறங்கினர். அங்கிருந்து இலங்கையின் வறண்ட வலயம் தொடங்குகிறது. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ள, நாலந்தை வழியாக மாத்தளையை அடைவது வடபாதை எனப்பட்டது. அரிப்பிலிருந்து குருணாகலை நோக்கிச் சென்ற மேற்குவழியும் உண்டு. குடியிருப்பு மிகக் குறைந்த காடு அது. சோறு வாங்க ஊரில்லை. கோடையில் குளங்கள் வற்றின. மழைக்காலத்தில் ஆறுகள் கடக்கவொண்ணாதவாறு பெருகின. காலராவும் பெரியம்மையும் கூட்டத்தோடு சேர்ந்தே பயணம் செய்தன. காய்ச்சல் அந்நிலத்திலேயே இருந்தது. நடக்க முடியாதவரை விட்டுவிட்டுக் கூட்டம் முன்சென்றது என்பதை அக்கால இதழ்களும் அதிகாரிகளின் குறிப்புகளும் பதிவு செய்துள்ளன.

கொழும்புக்குக் கப்பலில் சென்று அங்கிருந்து கண்டிக்கு ஏறுவது எளிதாயிற்றே, ஏன் காட்டுவழி என்னும் வினா எழலாம். விடை கட்டணத்தில் உள்ளது. நீரிணையைத் தோணியில் கடப்பது மலிவு, நடைக்குக் கட்டணமில்லை. அச்சிக்கனம் தோட்டத்தாரின் கணக்கில் சேர்ந்தது. அதற்கான விலை உயிரிழப்பாக வெளிப்பட்டது.

எத்தனை பேர் இறந்தனர்? 1849இல் கொழும்பு ஒப்சேர்வர் இதழ், 1841 முதல் 1848 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது வந்தோருள் நான்கில் ஒரு பங்கினர், மாண்டனர் என்று மதிப்பிட்டது. இவ்வெண் பின்வந்த ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. இதை ஒரு கணிப்பாகக் கொள்வதே முறை. துறைகளில் எண்ணப்பட்டவை தலைகள், பெயர்கள் அல்ல. ஒரே ஆள் மூன்றுமுறை வந்தால் மூவராகப் பதிவாவார். வேறு துறை வழியே திரும்பினால் திரும்பாதவராகிவிடுவார். எனினும் கணிப்பில் பாதியைத் தள்ளிவிட்டாலும் எஞ்சுவது பேரழிவே. டொனோவன் மோல்ட்ரிச் 1989இல் வெளியிட்ட காப்பித் தொழிலாளர் வரலாற்று நூல் இவ்விறப்புகளைத் தோட்டத் தொழிலின் விபத்தாகக் கொள்ளாமல் அதன் இயல்பான விளைவாகக் காட்டுவது கருதத்தக்கது.

1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்த குடிவரவுத் தொழிலாளர் ஆணைக்குழுவின் காலத்திலிருந்து வடபாதையில் கொட்டகைகளும் கிணறுகளும் மருத்துவ ஏற்பாடுகளும் படிப்படியாக வந்தன. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, வழியின் கொடுமையை அறிந்திருந்தும் மக்கள் மேலும் பெருந்திரளாகவே சென்றனர். ஊரில் இருப்பதும் சாவுதான் என்ற நிலையில் இதைத் தேர்வு என்று சொல்வது எவ்வளவு பொருந்தும் என்று தெரியவில்லை. அதற்குள் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழிக்கத் தொடங்கியிருந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் அச்சத்தின் காரணமாக வடபாதை மூடப்பட்டது. தூத்துக்குடி–கொழும்புக் கப்பல்வழி முதன்மை பெற்றது. காடு பாதையை மூடிக்கொண்டது.

1897: அதே பாதையில் ஒரு வண்டி

பாதை மூடப்படுவதற்குச் சற்று முன்னர் அதன் ஒரு பகுதியில் எதிர்த்திசையில் ஒரு பயணம் நிகழ்ந்தது. 1897 ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் இறங்கிய விவேகானந்தர், கண்டியிலிருந்து மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து குதிரைவண்டியில் தம்புள்ள, அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் சென்றார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச்சக்கரம் உடைந்ததும், அவர் குழுவினர் மாட்டுவண்டிகளில் பயணத்தைத் தொடர்ந்ததும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி ஜனவரி 26ஆம் நாள் பாம்பனில் கரையிறங்கியபோது, இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே வண்டியை இழுத்தனர். இன்று குந்துகாலில் அவருக்கு நினைவு மண்டபம் உள்ளது.

இவ்வரவேற்பின் சிறப்பை எவரும் மறுக்கவியலாது. இவ்வாய்வுக்கு வேண்டியது ஓர் ஒப்பீடு மட்டுமே. தம்புள்ளைக்கு அப்பாலுள்ள சாலையில் ஒருவரின் வண்டிச்சக்கரம் உடைந்த செய்தி நமக்குத் தெரிகிறது. அதே சாலையோரம் முக்கால் நூற்றாண்டாகப் புதைக்கப்பட்டவருள் ஒருவரின் பெயரைக்கூட நாம் கூற இயலவில்லை. பாதை ஒன்றே, பதிவு வேறு.

‘கேம்ப்’ என்னும் பெயர்

இராமநாதபுரம்–இராமேசுவரம் தொடருந்து வழியில் ‘மண்டபம் கேம்ப்’ என்று ஒரு நிலையம் உண்டு. களப்பணியின்போது அப்பெயரின் காரணத்தை அங்கிருந்தோரிடம் வினவியபோது, இலங்கை அகதிகள் முகாமைச் சுட்டினர் சிலர். கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சுட்டினர் சிலர். இரண்டும் அங்கு உண்டு. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் 1971இல் கொச்சிக்கு மாற்றப்படும்வரை அங்கேதான் இயங்கியது. ஆயினும் முகாம் அவ்விரண்டிற்கும் முந்தியது. இலங்கை அரசு தோட்டங்களுக்குச் செல்வோரைத் தடுத்துவைத்துச் சோதிக்கத் தமிழக மண்ணில் நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் அது.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுச் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குத் தொடருந்தும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், அங்கிருந்து கொழும்புக்கு மீண்டும் தொடருந்துமாக ‘போட் மெயில்’ தொடர்பு ஏற்பட்டது. நடை முடிந்தது, பாதை இருப்புப்பாதையாக உயிர்பெற்றது. தோட்டங்களுக்குச் செல்வோர் மண்டபம் முகாமில் சில நாள்கள் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனையும் தடுப்பூசியும் முடிந்தபின் கடல் கடந்தனர். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தோட்டக் கூலிகளின் குடிபெயர்வைத் தடைசெய்யும்வரை இது தொடர்ந்தது.

அதன்பின் பாதை திரும்பியது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல் எட்டப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரு திங்கள் நிறைவதற்குள், டிசம்பர் 22 இரவில், தனுஷ்கோடி புயலில் அழிந்தது. தாயகம் திரும்பியோரின் கப்பல் இராமேசுவரத்தில் கரைசேர்ந்தது. அவர்களின் முதல் தங்குமிடம் மண்டபம் முகாம். பாட்டன் ஊசி போட்டுக்கொண்டு புறப்பட்ட முகாமில் பேரன் வந்திறங்கினான். அங்கிருந்து பலர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர், மீண்டும் கொழுந்துக்கூடைதான். உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1984இல், கப்பல் நின்றது. அகதிகள் படகுகளில் வரலாயினர். அவர்களுக்கும் அதே முகாமே.

ஓர் இடத்தில் நான்கு தலைமுறை இடப்பெயர்வுகள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. ஊர்மக்களின் நினைவில் மேலடுக்கு மட்டுமே எஞ்சியிருப்பது இயல்பு. ஆய்வாளரின் நினைவிலும் அவ்வாறே இருப்பது ஏற்கத்தக்கதன்று.

மீள்நடையின் பொருள்

2023 நடைபயணம் ஏன் தலைமன்னாரில் தொடங்கியது? அப்போது இந்தியக் கரையிலிருந்து கப்பலில்லை என்பது நடைமுறைக் காரணம். இதற்கு மேலும் ஒரு பொருள் இருப்பதாக இக்கட்டுரையாளர் கருதுகிறார். மலையக மக்களை ‘இந்தியாவிலிருந்து வந்தவர்’ என்று சுட்டியே குடியுரிமை பறிக்கப்பட்டது. எனவே அவர்கள் தம் வரலாற்றை இலங்கை மண்ணில் கால்பதித்த இடத்திலிருந்து தொடங்குவது ஓர் அரசியல் கூற்று: இந்நிலத்தின் சாலைகளையும் தோட்டங்களையும் உயிர்கொடுத்து உருவாக்கியவர்கள், இந்நிலத்தின் மக்கள் என்பது அக்கூற்று. வடக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வழியில் அவர்களோடு இணைந்து நடந்ததும் இப்பொருளை வலுப்படுத்துகிறது. நிலம், வீடு, கூலி, சமவுரிமை பற்றிய கோரிக்கைகளோடு அந்நடை மாத்தளையை அடைந்தது. எனவே அது தமிழகத்திலிருந்து தொடங்கவில்லையே என்று இங்கிருந்து குறைகூறுவது பொருந்தாது.

இதே காலத்தில் மலைநாட்டில் வேறொரு நடைவழியும் புகழ்பெற்று வருகிறது. கண்டிக்கு அருகிலிருந்து தேயிலைத் தோட்டங்களினூடே 300 கிலோமீட்டருக்கும் மேலாக, 22 கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ள ‘பீக்கோ ட்ரெயில்’ என்னும் அவ்வழியில் உலகப் பயணியர் வழிகாட்டியருடன் நடக்கின்றனர். தேயிலையைச் சுமந்து செல்லத் தோட்டக்காலத்தில் உருவான தடங்களே அதன் பெரும்பகுதி. பயணியர் வருகையால் தோட்டத்து மக்களுக்குச் சிறு வருவாய் கிட்டுமாயின் நன்றே. ஆனால் இயற்கை எழில் காணும் நடையாக மட்டும் அது விளக்கப்படும்போது, தடத்தை வெட்டியவர் காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறார். ஒரு வழி வெறும் தடமாக இருக்கும்வரை அதற்கு எப்பொருளையும் ஏற்றலாம். யார் கூட்டிச் செல்கிறார், என்ன சொல்லிக் கூட்டிச் செல்கிறார் என்பதே அதை வரலாறாக்குகிறது.

இக்கரையின் பணி

தலைமன்னாருக்கு முந்திய பாதையை மீட்பது தமிழக ஆய்வாளரின் கடமை. இதற்கான சான்றுகள் மூன்று திசைகளில் உள்ளன. முதலாவது, இராமநாதபுரம் ஜமீன், மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆகியவற்றின் ஆவணங்கள். காலரா, துறைவரி, சாலைப்பணி என்ற தலைப்புகளின்கீழ்த் தொழிலாளர் நடை மறைந்து கிடக்கும். ‘குடிபெயர்வு’ என்ற தலைப்பில் மட்டும் தேடுவோர்க்கு அது அகப்படாது. இரண்டாவது, வாய்மொழி. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களோடு, இராமநாதபுரம், சிவகங்கை ஊர்களில் வழங்கும் கண்டிச்சீமைப் பாடல்களை அருகருகே வைத்துப் படித்தால், புறப்பட்டவர் பாட்டும் பின்தங்கியவர் பாட்டும் எங்கே சந்திக்கின்றன என்பது தெரியவரும். பின்தங்கியவருள் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், காப்பிக்கால வரலாற்றில் காணப்படாத பெண்குரல் இக்கரையில்தான் கிடைக்கும் என எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது, நிலமே. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை, தேவிபட்டினத்திலிருந்து மண்டபம் வரை கடற்கரையை ஒட்டி நடந்து, பழைய துறைகளையும் கிணறுகளையும் மரத்தோப்புகளையும் குறித்துவைக்கும் பணி ஒரு பல்கலைக்கழகத் துறையின் மாணவர்களால் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடியது. இவ்வாண்டு சித்திரையில் இக்கட்டுரையாளர் தேவிபட்டினத்திலிருந்து தெற்கே அரைநாள் நடந்தார். நவபாடாணத்தில் நீராடிய யாத்திரிகர் வண்டிகள் இராமேசுவரம் நோக்கி விரைந்துகொண்டிருந்தன. துறையோரம் வலை காய வைத்திருந்த முதியவர் ஒருவர், எங்கே போகிறாய் என்று கேட்டார். கண்டிக்குப் போனவர்களின் வழியைப் பார்க்க வந்தேன் என்றதும், தம் தந்தையின் அண்ணன் போனதாகவும் திரும்பவில்லை என்றும் கூறிவிட்டு, எந்த இடத்தில் தோணி ஏறினார்கள் என்பதைக் கையால் காட்டினார். அங்கே இப்போது கருவேலம் மண்டியிருக்கிறது.